நிமிடத்துக்கு நூறு சொல்

பதினோரு அடி.

எண்ணக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேதான் எண்ணினேன். முதல் மூன்று அடிக்கு மாஸ்டர் அலறினார். நாலாவதுக்கு முனகினார். அதற்கப்புறம் இரும்பு விழுகிற சத்தம் மட்டும்தான் காசெட்டில் கேட்டது. அது எதன் மேல் விழுந்தது என்று எனக்குத் தெரியும். மண்டை பிளந்து கிடந்த போட்டோவை நேற்றுதான் பார்த்திருந்தேன்.

வக்கீல் பொத்தானை அழுத்தி நிறுத்தினார். அவர் கறுப்புக் கோட்டைக் கழற்றி ஒன்பது வருஷம் ஆகிறது. துப்பறிகிற தொழிலுக்கு வந்த பிறகும் ஊர் அவரை வக்கீல் என்றுதான் கூப்பிடுகிறது.

"எல்லாத்தையும் எழுதிட்டியா, எக்ஸ்பிரஸ்?"

எக்ஸ்பிரஸ் நான்தான். சுருக்கெழுத்தில் என் கை ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து அவர் வைத்த பெயர். அவருக்கு உதவியாளர், டைப்பிஸ்ட், டிரைவர், ஆள் பலம் வேண்டிய அன்றைக்கு அடியாள் எல்லாமே நான் ஒருத்திதான். சம்பளம் மட்டும் ஒன்று.

"எழுதல சார். பாதி வந்திருக்கு, மீதி ஓட்டையா இருக்கு."

"எக்ஸ்பிரஸ் இன்னைக்கு பாசஞ்சர் ஆயிடுச்சா?"

"தண்டவாளம் சரியில்ல சார்."

சிரிக்க வேண்டியவர் சிரிக்கவில்லை. எதிர் நாற்காலியில் மாஸ்டரின் சின்ன மருமகள் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஜோக் அடித்ததற்காக எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. அவள் புருஷன், அதாவது மாஸ்டரின் இளைய மகன், பெற்ற அப்பாவை அடித்துக் கொன்றான் என்று பத்தொன்பது நாளாக ஜெயிலில் இருக்கிறான். நாளைக் காலை போலீஸ் கோர்ட்டில் குற்றப்பத்திரிகை கொடுக்கப் போகிறது. அதற்குள் ஏதாவது செய்தால்தான் உண்டு.

விஷயம் இவ்வளவுதான். மாஸ்டர் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து இன்ஸ்டிட்யூட் நடத்தினார். தினமும் ஐந்து மணிக்கு வகுப்பு கலைந்ததும், மறுநாள் பாடத்தைத் தன் குரலிலேயே வாசித்துப் பதிந்து வைப்பார். இரண்டு பெரிய ஸ்பூல் சுற்றுகிற பழைய டேப் ரெக்கார்டர் அது. ஏதோ கப்பலிலிருந்து கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்தாராம். அன்றைக்கும் வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருவன் உள்ளே வந்தான். வீட்டை எழுதிக் கொடுக்கக் கையெழுத்துக் கேட்டான். அவர் மாட்டேன் என்றார். ஷட்டரை இழுக்கிற இரும்புக் கொக்கியால் அடித்தே கொன்றான். ஸ்பூல் சுற்றிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. கடைசியில் மெஷின் தரையில் விழுந்து உடைந்ததால் போலீசும் அதைச் சீண்டவில்லை.

"மாமா குரலையாவது பத்திரமா வெச்சுக்கலாம்னு நான்தான்க்கா அதை ரிப்பேருக்குக் குடுத்தேன்." அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். "மெக்கானிக் சரி பண்ணிட்டு ஸ்பூலைப் போட்டுப் பாத்திருக்காரு. கேட்டதும் நேரா ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு. அங்க அந்த ஸ்பூலை ஓட விட்டுக் காப்பி எடுத்ததுதான் இந்தக் காசெட். என் கையாலயே என் வீட்டுக்காரருக்குக் கயிறு திரிச்சுக் குடுத்துட்டேன்."

"குரல் அவருதுதானா?" என்றார் வக்கீல்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அவருது மாதிரிதான் இருக்கு. மெலிசான குரல். இன்ஸ்பெக்டர் சொந்தக்காரங்க நாலு பேரைக் கேக்க வெச்சாரு. நாலு பேரும் இவர்னுதான் சொன்னாங்க. எங்க மூத்தவர் அழுதுகிட்டே சொன்னாராம்."

மூத்தவர் என்றால் அவள் புருஷனுடைய அண்ணன். ஒரு தடவை அவரோடு போனில் பேசியிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து பேசுவது போன்ற கட்டைக் குரல். காது கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஆனா அவர் அன்னைக்கு சினிமாவுக்குத்தான் போனாரு சார். அவர் பொய் சொல்ல மாட்டாரு." காசெட்டைக் காட்டினாள். "மாமா குரல்கூட இதுல மெலிஞ்சுதான் கேக்குது. பயத்துல அப்படி ஆயிருக்கும்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு."

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "நீ ஏன் எழுதல?"

"எழுத முடியல சார். 'நிமிடத்துக்கு நூறு சொல்'னு சொல்லிட்டுத்தான் மாஸ்டர் ஆரம்பிக்கிறாரு. நூறு எனக்குத் தூக்கத்துலயும் வரும். ஆனா இதுல நாப்பதாவது செகண்ட்லயே விரல் பிடிச்சுக்குது."

"முன்னாடி எப்பவாவது அப்படிப் பிடிச்சிருக்கா?"

கேட்டிருக்க வேண்டாம். "மூணு தடவை. நூத்தியிருபது பரீட்சையில. மூணு தடவையும் பெயில். மாஸ்டர்கிட்டதான் படிச்சேன், மூணாவது தடவை அவர் திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு. இந்தக் காசெட் அப்படியே என் எமன் மாதிரி ஓடுது."

வக்கீல் கையிலிருந்த பேனா நின்றது. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "மாஸ்டர் வேகம் தப்புவாரா?"

"தலையே போனாலும் தப்ப மாட்டாரு. ஸ்டாப்வாட்ச் இல்லாம வாயே திறக்க மாட்டாரு. ரெண்டு சொல் கூடினாலும் அழிச்சிட்டு மறுபடி பதிவாரு."

காசெட்டை நாலு தடவை திருப்பித் திருப்பிப் போட்டோம். கொலைக்கு முந்தைய பகுதி, வெறும் பாடம். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார், நான் ஒவ்வொரு சொல்லாக நீட்டி எழுதினேன். ஒரு நிமிடத்தில் எத்தனை என்று எண்ணிவிட்டுப் பேப்பரை அவர் பக்கம் தள்ளினேன். நூற்றிருபது. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"மாஸ்டர் நூறுதான் படிச்சிருக்காரு. டேப்தான் அவரை ஓட வைக்குது" என்றார் வக்கீல். "டேப் வேகமா ஓடினா சொல்லு மட்டுமா வேகமாகும்? குரலும் மெலியும். கட்டைக் குரல்கூட மெலிசாயிடும்."

சின்ன மருமகள் நிமிர்ந்தாள். "அந்த மெஷின்லதான் சார் பத்து வருஷமா பசங்க கேட்டு எழுதினாங்க. வேகமா ஓடுதுன்னு ஒருத்தர்கூடச் சொன்னதில்லையே."

"எப்படிம்மா சொல்லுவாங்க? பதிஞ்சதும் அதே மெஷின், கேட்டதும் அதே மெஷின். மெதுவாப் பதிஞ்சு மெதுவாக் கேட்டா எல்லாம் சரியாத்தான் இருக்கும். அது பத்து வருஷமா சோம்பேறியாவே ஓடியிருக்கு. கொலையையும் சோம்பேறியாவே பதிஞ்சிருக்கு. அப்புறம் ஒருத்தர் வந்து அதைச் சரி பண்ணிட்டாரு."

எனக்கு இப்போதுதான் புரிந்தது. மெக்கானிக் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் ஒரு நிரபராதி ஜெயிலில் இருக்கிறான்.

"மெக்கானிக்கா?" சின்ன மருமகள் இழுத்தாள். "நேத்து எங்க வீட்டுக்கு அவர் போன் பண்ணினாரு சார். மெஷினைப் பத்தி என்கிட்ட என்னமோ சொல்லணுமாம். மூத்தவர்தான் எடுத்தாரு. ஒண்ணும் முக்கியமில்ல, நான் பாத்துக்கிறேன்னு எங்கிட்ட சொன்னாரு."

வக்கீல் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். நான் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

* * *

காலை பதினொரு மணிக்கு ரிப்பேர் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போன என் செருப்பு வழுக்கியது. கீழே பார்த்தேன், ரத்தம்.

மெக்கானிக் தரையில் மண்டியிட்டு, வேலை மேஜையில் தொங்கிக்கொண்டிருந்தார். தொங்கினார் என்றால் நிஜமாகவே தொங்கினார். சாமான்களைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு வைஸுக்குள் அவருடைய வலது கை இருந்தது. எவனோ கைப்பிடியைக் கடைசி வரை முறுக்கியிருந்தான். நாலு விரலும் ஒரே விரலாகியிருந்தன. தாடை ஒரு பக்கமாக இறங்கி, வாயிலிருந்து கோழையும் ரத்தமும் ஒழுகியது. மூச்சு மட்டும் இருந்தது.

நான் கைப்பிடியைத் திருப்பித் தளர்த்தினேன். அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். திருகாணியும் சால்டரிங்குமாக முப்பது வருஷம் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத கை அது. இதைச் செய்தவன் எதிரில் வந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு" என்றார் வக்கீல், போனை வைத்தபடி.

கடையைக் கொத்திக் கிளறிப் போட்டிருந்தார்கள். இழுப்பறைகள் தலைகுப்புறக் கிடந்தன. வேலைப் பதிவு நோட்டில் ஒரு பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது. தரையில் சால்டரிங் அயர்ன் இன்னும் சூடாகவே கிடந்தது. நுனியில் கருகிய தோல் ஒட்டியிருந்தது.

"சும்மா வாங்கலை, திருப்பியும் குடுத்திருக்காரு" என்றேன்.

வக்கீல் மெக்கானிக்கின் காதருகே குனிந்தார். "அண்ணே, பேச வேணாம். கண்ணை மட்டும் மூடித் திறங்க. மாஸ்டர் மெஷின்ல வேகத்தைக் கூட்டினீங்களா?"

கண்கள் மூடித் திறந்தன.

"அதைச் சொல்லத்தான் வீட்டுக்குப் போன் பண்ணினீங்களா?"

மறுபடி மூடித் திறந்தன. கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. மெஷின் சரியானால் குரலும் சரிதான் என்று ஸ்டேஷனுக்கு ஓடியவர் அவர். தான் செய்த வேலை அந்தக் குரலையும் மாற்றியிருக்கும் என்பது நேற்றுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"எதையோ கழட்டிட்டு வேற போட்டிருக்கீங்க. கழட்டினது எங்க? வந்தவன் எடுத்துட்டானா?"

கண்கள் மூடவில்லை. பக்கவாட்டில் நகர்ந்தன. சுவரோர அலமாரியில் ரிப்பேர் முடிந்த ரேடியோக்கள் வரிசையாக இருந்தன. நான் ஒன்றை எடுத்துக் குலுக்கினேன். இன்னொன்றை எடுத்தேன். அதன் பின்மூடியில் என் விரல் பட்டதும் மெக்கானிக் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார்.

"எக்ஸ்பிரஸ், பின்பக்கத்தைத் திற."

திறந்தேன். மூடியின் உட்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம் ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு பழைய வால்வு, கூடவே துண்டுச் சீட்டு. 'கழற்றியது. உங்களுடையது.' அடுத்த ரேடியோவிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். நல்ல சாமானைத் திருடிக்கொண்டு மட்டமானதைப் போட்டுவிட்டான் என்று ஒரு வாடிக்கையாளரும் தன்னைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, கழற்றியதை எல்லாம் மெஷினுக்குள்ளேயே வைத்துக் கொடுத்திருக்கிறார் மனுஷன்.

"அப்ப அது இங்க இல்ல சார்" என்றேன். "ஸ்டேஷன்ல, இன்ஸ்பெக்டர் மேஜை மேல இருக்கு."

விரல்களை நசுக்கியும் அவர் அதைச் சொல்லவில்லை.

* * *

ஸ்டேஷனில் எங்களுக்கு முன்னால் மூத்தவர் உட்கார்ந்திருந்தார். வழியில் ஏற்றிக்கொண்டு வந்த சின்ன மருமகள் அவரைப் பார்த்ததும் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"வாங்க வக்கீல் சார்" என்றார் மூத்தவர். மேஜையே அதிர்ந்தது. "குற்றப்பத்திரிகை எப்பன்னு கேக்க வந்தேன். தம்பிதான், இருந்தாலும் அப்பாவுக்கு நியாயம் கிடைக்கணும் இல்லையா?"

வலது கையில் டீ டம்ளர் இருந்தது. இடது கை பேன்ட் பாக்கெட்டை விட்டு வெளியே வரவே இல்லை. நான் பார்த்ததை வக்கீலும் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றார் இன்ஸ்பெக்டரிடம். "மெஷின்ல நாங்க எதையும் புதுசாச் சேக்கல. உள்ள இருக்கிறதைத்தான் எடுக்கப் போறோம்."

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், சோம்பல்தான் ஜாஸ்தி. "என் கண்ணு முன்னாடி பண்ணுங்க" என்றார்.

நாலு ஸ்க்ரூ. பின்மூடியைத் திருப்பினேன். பொட்டலம் இருந்தது. அதிலிருந்து விரல் நகம் அளவுக்கு, பெல்ட் சுற்றி ஓடுகிற ஒரு பித்தளைப் புல்லி என் உள்ளங்கையில் விழுந்தது. சீட்டை வக்கீல் உரக்கப் படித்தார்.

"'மோட்டார் புல்லி. வேறு நாட்டுக் கரண்டுக்குச் செய்தது. நம் கரண்டில் மெதுவாக ஓடும். பெரிய புல்லி கடைந்து போட்டிருக்கிறேன். இனி சரியான வேகம். கழற்றியது உங்களுடையது.'"

மூத்தவரின் முகத்தில் ஈயாடவில்லை. "அப்பா சாவை வெச்சு விளையாடுறீங்களா?" என்றார்.

நான் பெல்ட்டைத் தள்ளி, பெரிய புல்லியின் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி உருவினேன். பழையதை மோட்டார்த் தண்டில் மாட்டி இறுக்கி, பெல்ட்டைத் திரும்ப ஏற்றினேன். இன்ஸ்பெக்டர் ஸ்பூலை எடுத்து மாட்டினார். நாடாவை ரப்பர் உருளைக்கு இடையே நுழைத்துவிட்டுப் பொத்தானில் விரலை வைத்தேன்.

டம்ளர் பறந்து வந்து இன்ஸ்பெக்டரின் புருவத்தைப் பிளந்தது. அடுத்த கணம் மூத்தவர் மேஜை மேல் இருந்தார். ஸ்பூலைப் பிடுங்கி நாடாவை வாரி வாரி இழுத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். என் பின்மண்டை முடியைப் பிடித்து முகத்தை மேஜை விளிம்பில் மோதினார். ஒரு தடவை. இரண்டாவது தடவையில் ஒரு பல் போய் நாக்கில் உப்புக் கரித்தது. மூன்றாவதுக்கு அவர் முடியை இழுத்தபோது, பாக்கெட்டிலிருந்து வெளியே வந்த இடது கை என் கண்ணுக்கு நேராக இருந்தது. அதில் சுற்றியிருந்த கைக்குட்டை அவிழ்ந்து, உள்ளங்கையில் குறுக்கே சிவந்து கொப்பளித்த தீக்காயம்.

மெக்கானிக்கின் விரல்களை நினைத்துக்கொண்டேன். கட்டை விரலைக் கொப்புளத்தில் வைத்து, என் உடம்பு மொத்தத்தையும் அந்த விரலில் இறக்கினேன். கொப்புளம் உடைந்து தோல் வழன்றது. அவர் போட்ட அலறலில் வெளியே நின்ற கான்ஸ்டபிள்கள் ஓடி வந்தார்கள். அதற்கு முன்பே வக்கீல், வாழ்க்கையில் கொசுவைக்கூட ஒழுங்காக அடிக்காத வக்கீல், மெஷினின் கனமான மூடியைத் தூக்கி அவர் காதோரம் ஓங்கி அறைந்தார். மூத்தவர் மேஜையிலிருந்து சரிந்து நாற்காலியோடு தரையில் விழுந்தார்.

"சார், உங்களுக்கு அடிக்கக்கூட வருமா?" என்றேன். பல் போன இடத்தில் காற்று போனது.

"வாயை மூடு, ரத்தம் கொட்டுது." அவர் தன் கைக்குட்டையை எடுத்து என் வாயில் அழுத்தினார்.

மூத்தவரை ஜன்னல் கம்பியில் விலங்கு மாட்டிக் கட்டினார்கள். அவர் சுற்றி இழுத்த நாடாவைச் சின்ன மருமகள் தரையில் உட்கார்ந்து, முடிச்சு விழாமல், அடி அடியாக நீவி ஸ்பூலில் ஏற்றினாள். அந்தக் கசங்கல் ஒவ்வொன்றிலும் அவள் புருஷனின் உயிர் இருந்தது.

வக்கீல் பொத்தானை அழுத்தினார். நான் நோட்டைத் திறந்தேன்.

"நிமிடத்துக்கு நூறு சொல். தொடங்கு."

மாஸ்டரின் குரல். மெலிசும் இல்லை, பயமும் இல்லை. வகுப்பில் என் காதில் விழுந்த அதே குரல், நிதானமாக. சின்ன மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். என் பென்சில் ஓட ஆரம்பித்தது. நாற்பதாவது செகண்ட் வந்தது, போனது. விரல் பிடிக்கவில்லை. ஒரு சொல் விடவில்லை.

கதவுச் சத்தம். காலடி. அப்புறம் டேப்பிலிருந்து தண்ணீர்த் தொட்டிக் குரல் எழும்பியது. "கடைசியாக் கேக்குறேன்ப்பா. கையெழுத்துப் போடுங்க."

இன்ஸ்பெக்டர் புருவத்தை அழுத்திய துணியோடு திரும்பி, ஜன்னலோரம் கிடந்தவரைப் பார்த்தார். யாரும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மூத்தவர் காதைப் பொத்த முயன்றார். ஒரு கை கம்பியில் இருந்ததால் ஒரு காதைத்தான் பொத்த முடிந்தது.

"நாளைக்கு உங்க வீட்டுக்காரருக்காக நானே கோர்ட்ல நிக்கிறேன்ம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். அவள் தலையாட்டினாள். கண் மட்டும் ஸ்பூலை விட்டு நகரவில்லை.

அடி விழ ஆரம்பித்தது. அடிக்குச் சுருக்கெழுத்தில் குறி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டேன். பதினோரு கோடு. கொக்கி தரையில் விழுந்தது, காலடி வெளியே ஓடியது.

காலையில் வக்கீல் இந்த இடத்தில்தான் நிறுத்தினார். இப்போது நிறுத்தவில்லை. நாடா ஓடிக்கொண்டே இருந்தது. மூச்சு, நீளமாக, குமிழிவிடும் மூச்சு. ஏதோ தரையில் இழுபடும் சத்தம். அவர் மேஜையை நோக்கி ஊர்ந்து வருகிறார். வயர் இழுபட்டது. மைக்குக்கு மிக அருகில், வகுப்பு முடிகிற ஒவ்வொரு நாளும் அவர் சொல்கிற அதே வார்த்தைகள், ஒவ்வொன்றாக, வேகம் தப்பாமல்.

"நேரம் முடிஞ்சது. பென்சிலைக் கீழே வை."

மெஷின் தரையில் விழும் சத்தத்தோடு டேப் நின்றது.

நான் அழுதுகொண்டே பென்சிலைக் கீழே வைத்தேன்.